கேட்டதும் கண்டதும்

மனிதன் பிறக்கும்பொழுது பெயரோடு பிறப்பதில்லை. பிறந்தபின் பெற்றோர் ஒரு பெயர் இடுகின்றனர். ஊர், குலம், தொழில், மொழி, சமயம், நாடு ஆகியன ஒவ்வொன்றும் தத்தம் பங்கிற்கு ஒரு பெயரைச் சூட்டுகின்றன. இப்பெயர்கள் எல்லாம் ஒருங்கு சேர்ந்தே, 'நான் யார்?' என்னும் வினாவிற்கு விடையாகின்றன. அவ்விடையினையே அறிஞர் 'அடையாளம்' என்பர்.

அடையாளம் தீயதன்று. தன் ஊரை நினைத்து உள்ளம் குளிர்தலும், தன் மொழியைக் கேட்டுச் செவி மகிழ்தலும் மாந்தர்க்கு இயல்பே. ஆயினும், வீட்டிற்குக் காவலாக எழுப்பிய சுவர் சில வேளைகளில் அயலாரைக் காணவொட்டாத மறைப்பாகவும் அமைந்து விடுகின்றது. அடையாளமும் அத்தகையதே. 'நாம்' என்னும் சொல் பிறந்த இடத்திலேயே 'அவர்கள்' என்னும் சொல்லும் பிறக்கின்றது. 'அவர்கள்' என்ற சொல்லோடு ஆராயாத முடிவு ஒன்று ஒட்டிக்கொள்ளுமாயின், அதுவே தப்பெண்ணம் ஆகின்றது. அது தோன்றும் முறையினையும், அதனை அளந்தறியும் வழியினையும், நீக்கும் நெறியினையும் இப்பாடத்தில் காண்போம்.

சேலம் மாநகருக்கு வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன் உயர்ந்த சிகரம் கடல் மட்டத்திற்கு மேல் 1,600 மீட்டருக்கும் மிகுதியான உயரம் உடையது. ஏரியும் காடும் ஒருங்கே அமைந்தமையால் ஏர்க்காடு என்று பெயர் பெற்றதாகக் கூறப்படும் ஊர் அம்மலைமேல் உள்ளது. 1820-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் காப்பிப் பயிரை அங்கே புகுத்தினார். இன்று காப்பித் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரங்களும் அம்மலைக்கு அணி செய்கின்றன. அம்மலையில் உள்ள சிற்றூர்களுள் ஒன்று நாகலூர். அதுபோன்ற ஊர்களில் வழிவழியாக வாழ்ந்து வரும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர்.

இப்பெயரைக் கேட்ட அளவில், 'இவர்கள் கேரள நாட்டவரோ?' என்று பலரும் ஐயுறுவர். பெயர் ஒன்றே, மக்கள் வேறு. மலை என்னும் நிலைமொழியும் ஆளி என்னும் வருமொழியும் யகர உடம்படுமெய் பெற்று மலையாளி எனப் புணர்ந்தன. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பது பொருள். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை, சித்தேரி மலை முதலிய இடங்களில் வாழும் இம்மக்களின் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்கள் கூறும் பழங்கதை ஒன்று உண்டு. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 6,51,321 பேர். அவருள் மலையாளிகள் 3,10,042 பேர். ஏறத்தாழப் பாதி என்னலாம். இத்துணைப் பெருந்தொகையினராகிய ஒரு மக்களைப் பற்றி, பெயரின் பொருளைக்கூட அறியாமல், சமவெளியில் இருப்போர் எத்தனையோ முடிவுகளைக் கட்டி வைத்திருக்கின்றனர்.

அம்முடிவுகள் எங்ஙனம் பிறக்கின்றன? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மலையடிவாரச் சந்தை ஒன்றில் வணிகர் ஒருவர் மிளகு கொள்முதல் செய்கின்றார் எனக் கொள்வோம். ஓராண்டில் சமவெளியைச் சேர்ந்த நூறு பேரும், மலையைச் சேர்ந்த இருபது பேரும் அவரிடம் சரக்கு விற்கின்றனர். நூற்றுவருள் பதின்மர் மிளகில் கல்லைக் கலந்தனர். இருபதின்மருள் இருவர் அவ்வாறே செய்தனர். ஆண்டு முடிவில் வணிகர் கூறுவது யாது? 'மலைக்காரரை நம்பக்கூடாது ஐயா' என்பதே.

கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றில் பத்தும் இருபதில் இரண்டும் ஒரே விழுக்காடுதான். அங்ஙனமாயின், வணிகரின் உள்ளத்தில் மலைமக்கள்மீது மட்டும் ஐயம் படிந்தது ஏன்? மலைமக்கள் அவர் கண்ணுக்குப் புதியவர், எண்ணிக்கையிற் சிறியவர். புதியவர் செய்த பிழை மனத்தில் ஆழப் பதிகின்றது. மற்றொன்றும் உண்டு. தம் ஊரான் கல்லைக் கலந்தபொழுது, 'அவன் கெட்டவன்' என்று அவனை மட்டும் குறை கூறினார். மலையூரான் கலந்தபொழுதோ, 'அவர்களே அப்படித்தான்' என்று கூட்டம் முழுவதன்மீதும் பழியைச் சுமத்தினார். நம்மவர் குற்றம் ஒருவன் குற்றமாகவும், அயலார் குற்றம் குலத்தின் குற்றமாகவும் தோன்றுதலே தப்பெண்ணத்தின் வேர் என்று அறிக.

இந்நோயில் மூன்று கூறுகள் உண்டு. ஒரு கூட்டத்தார் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் என்று கருதுவது முதற்கூறு. இதனை வார்ப்பெண்ணம் என்பர். அக்கருத்தினால் எழும் வெறுப்போ இளக்காரமோ அச்சமோ இரண்டாங்கூறு. அவ்வெறுப்பினால் ஒருவர்க்கு உரியதை மறுத்தல் மூன்றாங்கூறு, அதுவே பாகுபாடு. முதலாவது அறிவில் உறையும். இரண்டாவது நெஞ்சில் உறையும். மூன்றாவது கையில் வெளிப்படும். கையைச் சட்டத்தால் தடுக்கலாம். அறிவையும் நெஞ்சையும் கல்வியே திருத்த வேண்டும்.

தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தபொழுது மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றனர். முருகனை அந்நிலத்திற்கு உரிய தெய்வமாகக் கொண்டனர். அம்முருகன் மணந்த வள்ளி, மலையில் வளர்ந்து தினைப்புனம் காத்த பெண். கோயிலில் வள்ளியைக் கைகூப்பி வணங்கிய ஒருவர், அக்கோயிலின் வாயிலைக் கடந்து சந்தைக்கு வந்ததும், மலையிலிருந்து சுமையோடு இறங்கி வரும் ஒருவரைக் 'காட்டான்' என்று இகழ்வாராயின், அவர் வணங்கியது யாரை? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

'வேற்றுமை பெரிதாக இருப்பதனால் அன்றோ வெறுப்புத் தோன்றுகின்றது?' என்று சிலர் வினவக்கூடும். இதனை ஆராய்ந்தவர் ஹென்றி தாஜ்பெல் என்னும் உளவியல் அறிஞர். அவர் போலந்து நாட்டில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்பொழுது நாஜிகளின் கொடுமையால் தம் குடும்பத்தாரை இழந்தவர். மாந்தர் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து பகைப்பது ஏன் என்பதே அவர் வாழ்நாள் வினாவாயிற்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பதினான்கு, பதினைந்து வயதுடைய மாணவரைக்கொண்டு அவர் செய்த ஆய்வு 1970-இல் வெளிவந்தது. திரையில் தோன்றி மறையும் புள்ளிகளின் எண்ணிக்கையை மதிப்பிடுமாறு அம்மாணவரிடம் கூறினர். மிகுத்து மதிப்பிட்டோர் ஒரு பிரிவு, குறைத்து மதிப்பிட்டோர் மற்றொரு பிரிவு என்று சொல்லி அவர்களை இரண்டாகப் பிரித்தனர். உண்மையில் அப்பிரிவு, திருவுளச் சீட்டுப்போல, எவ்வகைக் காரணமுமின்றிச் செய்யப்பட்டது. பின்னர், பெயர் தெரியாத இருவர்க்குச் சிறு தொகையைப் பகிர்ந்தளிக்குமாறு ஒவ்வொரு மாணவனையும் கேட்டனர். அவன் அறிந்தது, பெறுவோர் எப்பிரிவினர் என்பது மட்டுமே.

விளைவு வியப்பளிப்பது. மாணவர் தம் பிரிவினர்க்கே மிகுதியாக அளித்தனர். அதுமட்டுமன்று. தம் பிரிவினர்க்குக் கிடைக்கும் தொகை சிறிது குறைந்தாலும், மற்றப் பிரிவினரைவிடத் தாம் மேம்பட்டு நிற்கும் வகையினையே பலர் விரும்பினர். அவர்களுக்குள் பழம்பகை இல்லை. மொழி வேற்றுமை இல்லை. நில வழக்கும் இல்லை. 'நாம்' என்னும் ஒரு சொல் மட்டுமே இருந்தது. அச்சொல் ஒன்றே இத்துணைச் செய்யுமானால், நூற்றாண்டுகளாகக் கதைகளும் பழிச்சொற்களும் சேர்ந்த இடத்தில் அஃது என்னதான் செய்யாது?

இனி, அளந்தறியும் வழியைக் காண்போம். எப்பொருளை எவர் கூறக் கேட்டாலும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்பது வள்ளுவர் கருத்து. ஆனால் அளவுகோலைக் கையில் எடுத்தோர் எல்லாரும் உண்மையைக் கண்டவர் ஆகார். ஆங்கில ஆட்சிக் காலத்தில் ரிஸ்லி என்னும் அதிகாரி, மக்களின் மூக்கின் நீள அகலங்களை அளந்து, மூக்கு அகன்றோர் சமூகத்தில் தாழ்ந்தோர் என்று ஒரு கொள்கை வகுத்தார். 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் பொறுப்பில் நடந்தபொழுது, சாதிகளைச் சமூகப் படிநிலைப்படி வரிசைப்படுத்தவும் முற்பட்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னாட்டு மக்கள் பலரின் தலையையும் மூக்கையும் அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் சேர்வராயன் மலையாளிகளைப் பற்றிய செய்திகளும் இடம்பெற்றுள்ளன. மக்களின் பழங்கதைகளையும் வழக்கங்களையும் எழுதிவைத்த அளவில் அந்நூல் பயனுடையதே. மூக்கை அளந்து மதிப்பைக் கணித்த முறை மட்டும் பிழையுடையது.

அப்பிழை யாது? முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பின்னர்த் தேடியது ஒரு பிழை. உயர்வு தாழ்வு என்பன மக்கள் வகுத்தவை. அவற்றை உடலுறுப்பில் தேடியது மற்றொரு பிழை. ரிச்சர்டு லெவான்டின் என்னும் உயிரியல் அறிஞர் 1972-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாந்தரின் மரபுக்கூறுகளில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்தின் உள்ளேயே இருப்பது. வயநாட்டுப் பணியப் பெண்கள், தம்முள் அழகியவரைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கவே தர்ஸ்டன் வந்துள்ளார் என்று அஞ்சினர் என அவரே எழுதியுள்ளார். அளப்பவனைக் கண்டு அளக்கப்படுவோர் அஞ்சும் இடத்தில் உண்மை எங்ஙனம் வெளிப்படும்? ஆராய்ச்சிக்கு முதற்கருவி அளவுகோல் அன்று; எதிரில் நிற்பவரையும் தம்மைப்போல் மதிக்கும் பண்பே.

சமூக உளவியலார் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. கேட்டறிதல், கண்டறிதல், சோதித்தறிதல் என்பன அவை.

கேட்டறிதலாவது, வினாக்களை அமைத்துப் பலரிடம் விடை பெறுதல். இதற்கு எல்லாரையும் கேட்டல் இயலாது. சிலரைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. அஃது உண்மையாவது எப்பொழுது? பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வெந்தபொழுது. மக்கள் அத்தகையர் அல்லர். ஓர் ஊரில் செல்வரும் வறியரும், ஆடவரும் மகளிரும், கற்றவரும் கல்லாதவரும் உளர். கடைவீதியில் எதிர்ப்பட்ட ஐவரைக் கேட்டுவிட்டு 'ஊரார் கருத்து இது' என்று கூறுதல், மேலே மிதந்த ஐந்து பருக்கைகளைக் கண்டு அடியிற் கிடப்பதை உரைப்பதாகும். ஆகவே, எவரும் விடுபடாத பெயர்ப் பட்டியலைக் கொண்டு, குலுக்கல் முறையால் சிலரைத் தெரிதல் வேண்டும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையை நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். எடுப்பவன் விருப்பு வெறுப்பு அதிற் புகுதற்கு இடமில்லை. இக்கால ஆராய்ச்சியாளர் மாதிரிகளைத் தெரிந்தெடுப்பதும் இந்நோக்கம் பற்றியே.

எனினும், கேட்டறிதலில் ஒரு குறை உண்டு. வாய் கூறுவதும் கை செய்வதும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்க நாட்டில் சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலத்தில், லபியர் என்னும் அறிஞர் ஒரு சீன இளைஞரோடும் அவர் மனைவியாரோடும் அந்நாட்டில் பல்லாயிரம் கல் தொலைவு பயணம் செய்தார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் அவர்கள் நுழைந்தனர். இடமில்லை என்று மறுக்கப்பட்டது ஒரே ஓரிடத்தில்தான். ஆறு திங்கள் கழித்து, 'சீனரை விருந்தினராக ஏற்பீர்களா?' என்று அவ்விடங்களுக்கு லபியர் கடிதம் எழுதினார். விடை எழுதியவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் 'ஏற்கமாட்டோம்' என்றனர்! 1934-இல் வெளிவந்த இவ்வாய்வு, கண்டறிதலின் இன்றியமையாமையை உணர்த்திற்று. அவர்கள் எழுத்தில் வெறுத்தனர், நேரில் வரவேற்றனர். இதற்கு நேர்மாறாக, பேச்சில் இனித்துச் செயலில் கசப்பாரும் உலகில் உளர். ஆதலின், சொல்லோடு செயலையும் உடன்வைத்துக் காணல் வேண்டும்.

மூன்றாவதாகிய சோதித்தறிதலில், மற்ற எல்லாவற்றையும் ஒத்தனவாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பர். விளைவு மாறுமாயின், மாற்றப்பட்ட அவ்வொன்றே காரணம் எனத் துணிவர். நம் நாட்டிலேயே இத்தகைய சோதனை நடந்தது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் அறிஞர் இருவர், செய்தித்தாள்களில் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பச் செய்தனர். கல்வியும் தகுதியும் ஒத்திருந்தன; பெயர் மட்டும் வேறுபட்டது. உயர்சாதி என்று கருதப்படும் பெயர் சில விண்ணப்பங்களில் இருந்தது. தலித் என்று கருதப்படும் பெயர் சிலவற்றில் இருந்தது. இசுலாமியப் பெயர் சிலவற்றில் இருந்தது. 2007-இல் வெளியான முடிவு இது: நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, தலித் பெயருக்கு உயர்சாதிப் பெயரின் வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், இசுலாமியப் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. விண்ணப்பித்தவரின் முகத்தையேனும் குரலையேனும் நிறுவனத்தார் அறியார். பெயர் ஒன்றே கதவைத் திறந்தது. பெயர் ஒன்றே கதவை அடைத்தது.

இதனினும் நம் உள்ளத்தை வருத்துவது மற்றொரு சோதனை. கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே என்னும் ஆராய்ச்சியாளர் உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் ஆறாம் ஏழாம் வகுப்புச் சிறுவர் 642 பேரைக்கொண்டு அதனைச் செய்தனர். சிக்கலான கோட்டுப் பாதைகளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்களிடம் கொடுத்தனர்; விடுவிக்கும் புதிர்களுக்குப் பணமும் அளித்தனர். சாதியைப் பற்றிய பேச்சே எழாதபொழுது, உயர்ந்தோர் எனப்பட்ட சிறுவரும் தாழ்ந்தோர் எனப்பட்ட சிறுவரும் ஒத்த திறமையே காட்டினர். ஒவ்வொருவன் சாதியையும் அனைவர் முன்னும் உரக்கக் கூறியபின் விளையாடச் செய்தபொழுதோ, தாழ்ந்தோர் எனப்பட்ட சிறுவரின் திறமை தெளிவாகக் குறைந்தது. மூளை மாறவில்லை, புதிரும் மாறவில்லை. இடையிற் புகுந்தது ஒரு பெயரே. தப்பெண்ணம் அயலார் கண்ணில் மட்டும் வாழ்வதன்று. இகழப்பட்டவன் நெஞ்சினுள்ளும் புகுந்து அவன் கையைத் தளரச் செய்வது. மலையூரிலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் அமரும் மாணவன் வாய் திறவாமல் இருப்பானாயின், 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று முடிவு கட்டுமுன் இச்சோதனையை நினைவு கூருங்கள். அவனுக்குத் தெரியாமல் இல்லை; அவனைப் பேசவிடாத ஏதோ ஒன்று அவ்வகுப்பில் இருத்தல் கூடும்.

தப்பெண்ணம் அதிகாரத்தோடு சேரும்பொழுது அதன் கொடுமை சொல்லுந்தரமன்று. 1871-ஆம் ஆண்டு ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், சில மக்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிட்டது. தவழும் குழந்தையும் அம்முத்திரைக்குத் தப்பவில்லை. நாடு விடுதலை பெற்றபின், 1952-இல் அச்சட்டம் முழுதும் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினாலும், ஓர் ஊரையே குற்றவாளி எனக் காணும் பார்வை உடனே நீங்கிவிடவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையை அடுத்து வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சந்தனமரக் கடத்தலுக்கு அவ்வூரார் துணை செய்கின்றனர் என்ற ஐயத்தின்பேரில், 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் பெருந்திரளாக அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் பாழாக்கப்பட்டன. பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். மகளிரும் சிறுவரும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். ஒருவன் குற்றம் செய்தானா என்று ஆராய்வது சட்டம். ஓர் ஊரே குற்றமுடையது என்று கொள்வது தப்பெண்ணம். அவ்வூர் மக்கள் சோர்ந்து விடவில்லை, ஆண்டாண்டுகளாக வழக்காடினர். குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நீதி வந்தது, வருவதற்கு முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின. சந்தையில் விளையாட்டாகச் சொல்லும் 'அவர்களே அப்படித்தான்' என்னும் சொல் எத்துணைத் தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு வாச்சாத்தி சான்று.

இந்நோய்க்கு மருந்து யாது? 'ஒருவரோடு ஒருவர் பழகினால் போதும்' என்பர் சிலர். பழக்கம் வேண்டுவதே, எனினும் எல்லாப் பழக்கமும் மருந்தாகாது. தோட்ட முதலாளியும் கூலியாளும் நாள்தோறும் காண்கின்றனர். கண்டும் இளக்காரம் தீர்ந்தபாடில்லை. கார்டன் ஆல்போர்ட் என்னும் அறிஞர் 1954-இல் வெளியிட்ட நூலில், நன்மை தரும் பழக்கத்திற்கு நான்கு நிலைகள் வேண்டும் என்றார். பழகுவோர் ஒத்த மதிப்புடன் இருத்தல். பொதுவான குறிக்கோள் ஒன்று இருத்தல். அதனை அடையக் கைகோத்து உழைத்தல். சட்டமும் தலைவரும் ஆசிரியரும் அதற்குத் துணைநிற்றல் என்பன அவை.

இதனையும் நம் நாட்டில் சோதித்தனர். மாட் லோ என்னும் ஆராய்ச்சியாளர் உத்தரப்பிரதேசச் சிற்றூர்களில் கிரிக்கெட்டுப் போட்டிகளை நடத்தினார். அவ்வாய்விற் சேர்ந்த இளைஞர் 1,261 பேர். குலுக்கல் முறையால் சிலர் தம் சாதியார் மட்டுமே கொண்ட அணியிலும், சிலர் பல சாதியாரும் கலந்த அணியிலும் சேர்க்கப்பட்டனர். ஒரே அணியில் வேற்றுச் சாதியாரோடு சேர்ந்து ஆடியவர்க்கு அச்சாதியாரிடையே நண்பர் மிகுந்தனர். எதிரணியில் நின்று ஆடியவர்க்கு அந்நன்மை விளையவில்லை. பெரும்பாலும் மாறான விளைவே கண்டது. 2021-இல் வெளியான இம்முடிவு நமக்குக் கற்பிப்பது எளிய உண்மை. எதிரில் நிற்றல் வேறு. உடன் நிற்றல் வேறு. ஒரே வெற்றிக்காக வியர்வை சிந்தியவர், அடுத்தவன் குலத்தை எண்ணுமுன் அவன் தோளை எண்ணுகின்றனர்.

மாணவர்களே! இவ்வுண்மைகளை அறிந்த நாம் செய்யத்தக்கவை சிலவே. 'அவர்கள் எல்லாரும்' என்று ஒரு வாக்கியம் நாவில் எழும்பொழுது சற்றே நிறுத்துங்கள். எத்தனை பேரைக் கண்டோம் என்று எண்ணுங்கள். நம்மவரிடத்தும் அக்குறை உண்டா என்று ஒப்பிடுங்கள். கேட்டதைக் கண்டதோடு உரைத்துப் பாருங்கள். ஒருவன் செய்த பிழையை அவனோடு நிறுத்துங்கள். வகுப்பிலும் ஆட்டக்களத்திலும் விடுதியிலும் பல ஊரார், பல குலத்தார் கலந்து ஒரே அணியாக நிற்கும் வாய்ப்பினைத் தேடிச் செல்லுங்கள்.

மலையிற் பிறந்த மாணவர்க்கும் கூறத்தக்கது ஒன்று உண்டு. பிறர் இடும் இழிபெயர் உங்கள் அளவைக் காட்டுவதன்று; இட்டவரின் அறியாமையின் அளவையே அது காட்டும். மலையாளி என்னும் சொல்லுக்கு மலையை ஆள்வோர் என்பதே பொருள். அப்பொருள் அறிந்து தலைநிமிர்ந்து நில்லுங்கள்.

சேலத்தின் வெயிலில் நின்று நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை ஒரு நீலக் கோடாகவே தோன்றும். அருகே செல்லச் செல்ல அக்கோடு மரமாகவும், பாறையாகவும், பாதையாகவும், வீடாகவும், வாயிலில் நின்று 'வாங்க' என்றழைக்கும் முகமாகவும் விரிகின்றது. மாந்தரும் அவ்வாறே. தொலைவில் நின்றால் கூட்டம்; அருகிற் சென்றால் ஒவ்வொருவரும் ஓர் உலகம். அருகிற் சென்று காண்பதே கல்வியின் பயன்.

பயிற்சி

1. மலையாளி என்னும் சொல்லைப் பிரித்துப் புணர்ச்சி விதி கூறுக.

2. தப்பெண்ணத்தின் மூன்று கூறுகள் யாவை? ஒவ்வொன்றிற்கும் உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

3. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி மக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏன் முழுதும் பொருந்தாது?

4. மிளகு வணிகரின் முடிவு பிழையானது என்பதைக் கணக்கிட்டு விளக்குக.

5. உங்கள் வகுப்பில் வழங்கும் 'அவர்கள் எல்லாரும்' என்னும் கூற்று ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனை மெய்யா பொய்யா என்று அறிவதற்குக் கேட்டறிதல், கண்டறிதல், சோதித்தறிதல் என்னும் மூன்று வழிகளையும் எங்ஙனம் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு கட்டுரை வரைக. எவர் மனமும் புண்படாதவாறு வினாக்களை அமைத்தல் வேண்டும்.